எட்டு நொடி

ஏழு டிக்கெட் எடுத்தோம்.
துலூஸ் மைதானம், வடக்குப் பக்கம், பதினோராம் வரிசை.
பணம் வசூலித்தது நான்.
கிள்ளிவளவன் மட்டும் கடைசித் தவணையை
இன்னும் தரவில்லை.

ஆட்டம் சொல்லிக்கொடுத்தவனும் நானே.
முட்டைப்பந்து சென்னையிலிருந்து வந்துசேர மூன்று மாதமானது.
அதுவரை வீராம்பட்டினத்து மணலில்
உரிக்காத தேங்காயை வைத்து ஓடினோம்.
அமலோருக்கு முன்பல் போனது தேங்காயில்தான்,
ஊரில் எல்லோரிடமும் ரக்பியில் போனதாகச் சொல்கிறான்.

அறுபத்திரண்டில் கையெழுத்து வைத்த வீடுகள் நான்கு.
அமலோர், லெயோனார், பெலிசித்தே, சின்ன கஸ்பார்
நால்வருக்கும் சிவப்புப் புத்தகம்.
எங்கள் வீட்டில் அன்றைக்குப்
பேனா இல்லையோ மனசில்லையோ,
யாரும் சொன்னதில்லை.
கிள்ளிக்கும் கௌஸுக்கும் விசா வந்தது.
எனக்கு ஒரு தாள் வந்தது.
தாங்கள் திரும்பி வருவீர்கள் என்ற நம்பிக்கை
எங்களுக்கு ஏற்படவில்லை.

நெல்லித்தோப்பில் மோட்டார் ரீவைண்டிங் கடை,
அதன்மேல் கூட்டுறவு வங்கிக் கடன்,
வயிறு பிரித்துப்போட்ட பதினாறு பம்புசெட்.
இவ்வளவையும் விட்டுவிட்டு
எங்கே ஓடுவேன் என்று நினைத்தார்கள்?
பொன்மலர் தாளை வாங்கிப் படித்தாள்.
"எனக்கே அந்த நம்பிக்கை கிடையாது" என்றாள்.
சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

வேன் கிளம்பிய ராத்திரி
கூரைமேல் பெட்டிகளைக் கட்டியது நான்.
கயிறு முடிச்சு எனக்குத்தான் வரும்.

ஆட்டம் நம் கணக்கில் பன்னிரண்டரைக்கு.
கடை ஷட்டரை முழங்கால் உயரத்துக்கு இறக்கிவிட்டு
ஒரு பக்கம் டிவி, ஒரு பக்கம் செல்போன்,
நடுவில் செம்புக்கம்பிச் சுருளின்மேல் நான்.
போனில் பெலிசித்தே முகம்,
கன்னத்தில் நீலச் சாயம், பின்னால் ஆயிரமாயிரம் தலை.

அப்போதுதான் தெரிந்தது,
அங்கே நடப்பது நம் டிவிக்கு வந்துசேர
எட்டு நொடி ஆகிறது.

போனில் இரைச்சல் முதலில் வரும்.
டிவியில் ஒருத்தன் இன்னும் லேஸ் கட்டிக்கொண்டிருப்பான்.
"அண்ணே, ஏன் விசில் ஊதுறான்?"
"பொறுடா கௌஸ்,
இங்கே இன்னும் தப்பே நடக்கலை."

எட்டு எண்ணுவேன்.
தப்பு நடக்கும்.
பந்தை முன்னால் தவறவிட்டுட்டான்டா, அதான் என்பேன்.
அதற்குள் அங்கே ஸ்க்ரம் முடிந்து
வேறு எதற்கோ கத்திக்கொண்டிருப்பார்கள்.

போனை ஊமையாக்கியிருக்கலாம்.
தோன்றியது. செய்யவில்லை.

இடைவேளையில் கௌஸ் கேமராவைத் திருப்பினான்.
வரிசையில் ஆறு பேர்,
ஏழாவது நாற்காலியில் மஞ்சப்பை,
பொன்மலர் கொடுத்துவிட்ட முறுக்கு.
சேவல் தொப்பி போட்ட தாடிக்காரர் குனிந்து ஏதோ கேட்டார்.
லெயோனார் பிரெஞ்சில் பதில் சொன்னான்.
என்னடா சொன்னே?
"ஆள் வந்துக்கிட்டிருக்காருன்னு."

நான் பேசாமல்
ஒரு பம்பின் மூடியைத் திருகிப் பூட்டினேன்.

எண்பதாவது நிமிடம்.
இரண்டு புள்ளி நாம் முன்னால்.
அவர்களுக்கு ஒரு பெனால்டி,
நாற்பது மீட்டர், ஓரத்திலிருந்து.
டிவியில் அவன் பந்தை நிறுத்தி
நான்கடி பின்வாங்கி
காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

போனில் சத்தம் அடங்கியது.
பெலிசித்தே முகத்திலிருந்த நீலம் அப்படியே இருந்தது,
வாய் மட்டும் திறந்திருந்தது.
"அண்ணே" என்றான் கிள்ளி, வேறெதுவும் சொல்லவில்லை.

நான் போனைக் கவிழ்த்துவைத்தேன்.

டிவியில் அவன் இன்னும் உதைக்கவில்லை.
ஷட்டருக்கு அடியில் தெருநாயின் நான்கு கால்கள் கடந்துபோயின.
நெல்லித்தோப்பில், மின்விசிறிக்குக் கீழே,
இரண்டு புள்ளி வித்தியாசத்தில்
நாங்கள் ஜெயித்துக்கொண்டிருந்தோம்.